தகவல் போதாது

பழைய பிரசவ வார்டுக்குப் பின்னால்
ஜன்னல் திறக்காத அறை.
ஒன்பதரைக்கு காஜா மைதீன் கட்டுகளை இறக்கிவிட்டுப் போவார்.
சணல் கயிற்றை அவிழ்த்தால்
சேலத்தின் எட்டு வருடத் தூசு
என் மூக்கில்.

பிள்ளைகளை நான் பார்ப்பதில்லை.
எட்டு வயது நிரம்பியவர்களின் கோப்புகளைப் படிப்பது,
எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி எடுப்பது,
மாவட்டத்தில் ஆட்டிசம் எத்தனை பேருக்கு என்று
யாரோ எண்ணுவதற்குக் கொடுப்பது. அவ்வளவுதான்.
மூன்று நாள் பயிற்சியில்
சுமித்ரா மேடம் பத்து முறை சொன்னார்:
"ஊகிக்காதீங்க. எழுதலைன்னா நடக்கலை."

'பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை'
என்றிருக்கும்.
அந்த வரியைப் படியெடுக்குமுன்
பேரை அடித்துவிட்டு எண் போட வேண்டும்.
முதல் வாரம் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன்.
இப்போது கை தானாகப் போகிறது.

கையெழுத்துகள் பழகிவிட்டன.
மையில் விழுந்த பல்லி நடந்தது போல ஒருவர்.
எல்லாவற்றையும் ரப்பர் ஸ்டாம்பில் முடித்துவிடுகிற ஒருவர்.
பச்சை மையில் எழுதுகிற பேச்சுப் பயிற்சியாளர் மட்டும்
அம்மாக்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதுவார்.
"பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனா
ஒரு கூடை சலங்கையில ஊமைச் சலங்கை எதுன்னு
காதுகிட்ட வச்சே எடுத்துப் போட்டுடறான் சார்."
செவ்வாய்ப்பேட்டை. ஆண்.
நான் எடுத்தது:
ஒலிகளுக்கு இயல்பற்ற எதிர்வினை. ஆம்.

மலைக் கோப்புகள் மெலிசு.
நாகலூர்ப் பக்கம் ஒரு பெண்பிள்ளை, ஒரே தாள்.
மூன்று வயது. பேச்சில்லை.
மிளகை ஒவ்வொன்றாக வரிசை வைக்கிறாள், கலைத்தால் அழுகை.
மறுபடி அழைத்து வரவும்.
கீழே தேதி, வரவில்லை.
தேதி, வரவில்லை.
ஏன் என்று எழுதவில்லை.
எழுதாததால்
இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவள் வாந்தி எடுக்கவில்லை.
காப்பிப் பழம் பறிக்கிற மாதத்தில்
ஒரு நாள் கூலியை விட முடியாமல் அவள் அம்மா நிற்கவில்லை.
அவர்கள் வந்து சேர்ந்தபோது
சீட்டுக் கொடுக்கிற ஜன்னல் மூடியிருக்கவில்லை.
கடைசிக் கட்டத்தில் குறித்தேன்: தகவல் போதாது.

ஆயிரம் பிள்ளைகளில் இத்தனை பேர் என்று
அறிக்கை வரும்.
ஆயிரத்தில் அவள் இருப்பாள்.
இத்தனையில் இல்லை.

தை மாதம் கூட வேலை செய்கிற தெரசாவின் தங்கை கல்யாணம்,
நாகலூருக்கு மேலே.
வேண்டுமென்று போனேன் என்று சொல்ல முடியாது.
பஸ் நின்ற இடத்தில் ஒரு களம்,
பாயில் மிளகு காய்கிறது.
பக்கத்தில் குந்தியிருந்தாள் ஒருத்தி,
எட்டு வயதிருக்கும், முதுகு மட்டும் தெரிந்தது.
நான் அடித்த பேர் நாக்கில்தான் இருந்தது.
கூப்பிட்டிருக்கலாம்.
திரும்பாவிட்டால் அவளா?
திரும்பிவிட்டால் அவள் இல்லையா?
அதற்குள் டிரைவர் கியரை மாற்றிவிட்டார்.
மிளகு பாயில் கொட்டிக் கிடந்ததா,
வரிசையாக இருந்ததா,
பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காஜா மைதீன் கேட்டார்,
"மேல குளிரா?"
"இருந்துச்சுங்க."
வேறொன்றும் சொல்லவில்லை நான்.

அவள் பக்கத்தைத் திறந்தேன்.
அடியில் குறிப்பு என்று ஒரு பெட்டி,
இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.
யாரும் படிப்பதில்லை என்பார்கள்.
மிளகு என்று அடித்தேன்.
எனக்கு மூன்றெழுத்து.
கொம்பையும் சுழியையும் தனித்தனியே எண்ணி
ஐந்து என்கிறது கணினி.
இன்னும் நூற்றுத் தொண்ணூற்றைந்து
மீதியிருக்கிறதாம்.